வழிகாட்டி வேறு, மேலதிகாரி வேறு: செட்டிநாட்டு மருத்துவமனைகளின் இளம் மேலாளர்களுக்கு என்ன தேவை?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் மருத்துவமனை நிர்வாக வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் இப்போது கேட்டு வரும் சொற்களில் ஒன்று 'மென்டரிங்', அதாவது வழிகாட்டுதல். முதல் ஆண்டு உங்களுக்கு ஒரு மென்டர் இருப்பார், எல்லாம் சொல்லிக்கொடுப்பார் என்கிறார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால், விடுப்புக்குக் கையெழுத்துப் போடுபவரும் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரும் தவறு நடந்தால் மெமோ கொடுப்பவரும் அவரேதான். அப்படியானால் அவர் மென்டரா, மேலதிகாரியா? இரண்டும் ஒருவராக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

கெடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

யார் இந்த இளம் மேலாளர்?

மேலாளர் என்றதும் வரவேற்பறையில் டை கட்டி நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். நடப்பில் மூன்று வழிகளில் ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்து சேர்கிறார்.

1. படித்து வருபவர். எம்.பி.ஏ. அல்லது எம்.ஹெச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பு) முடித்துவிட்டு 23, 24 வயதில் 'ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ்', 'ஃப்ளோர் மேனேஜர்', 'பி.ஆர்.ஓ.' என்று ஏதோ ஒரு பெயரில் சேர்கிறார். கணினியும் கணக்கும் தெரியும். வார்டு தெரியாது. மூத்த சிஸ்டர் "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லும் தொனியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

2. உயர்ந்து வருபவர். ஐந்தாறு ஆண்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவரை வார்டு இன்சார்ஜ் ஆக்குகிறார்கள். வார்டை அவருக்கு உள்ளங்கைபோலத் தெரியும். ஆனால் நேற்றுவரை ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்ட தோழிக்கு இன்று தொடர்ந்து நைட் டியூட்டி போட வேண்டும். அதை யாரும் எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

3. அமர்த்தப்படுபவர். அரசுப் பணியில் சேரும் இளம் டாக்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் வட்டார மருத்துவ அலுவலர் பொறுப்பும் வரலாம். சமவெளிப் பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் சுமார் 30,000 பேருக்கு என்பது தேசிய அளவுகோல். அவர் படித்தது மருத்துவம். கையில் வருவதோ வருகைப் பதிவேடு, மருந்து இருப்பு, நோயாளர் நலச் சங்கக் கணக்கு, தணிக்கைக் கேள்விகள். தன்னை மேலாளர் என்று அவர் நினைப்பதே இல்லை. அதனாலேயே அவருக்கு வழிகாட்டி வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த மூன்றாமவரைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். தனியார் மருத்துவமனையில் ஒரு இளம் மேலாளர் தடுமாறினால் ஒரு கட்டடத்துக்குள் முடிந்துவிடும். வட்டார அளவில் தடுமாறினால் ஒன்றியம் முழுக்கத் தெரியும்.

பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை

மருத்துவமனை மேலாண்மை மற்ற மேலாண்மைகளிலிருந்து எங்கே மாறுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள டிஸ்சார்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்வது போதும்.

தனியார் மருத்துவக் காப்பீட்டில் பணமில்லாச் சிகிச்சை (கேஷ்லெஸ்) பெற்றவருக்கு, டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொன்னது. அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். செய்தியைப் படித்த உறவினர்கள் கடிகாரத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். கேட்பது யாரிடம்? ஃப்ளோர் மேனேஜரிடம்.

ஆனால் அந்த 3 மணி நேரம், கோரிக்கை போன பிறகுதான் ஓடத் தொடங்கும். கோரிக்கை போவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை என்னென்ன? மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சுமார் 90 கிலோமீட்டர் வண்டியில் வரும் விசிட்டிங் கன்சல்டன்ட் (வெளியிலிருந்து வந்துபோகும் சிறப்பு மருத்துவர்) நோயாளியைப் பார்த்து 'போகலாம்' என்று எழுத வேண்டும். டூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிக்க வேண்டும். மிஞ்சிய மருந்துகளை வார்டு பார்மசிக்குத் திருப்பியனுப்ப வேண்டும். லேப் கடைசி ரிசல்ட்டை ஏற்ற வேண்டும். பில்லிங் முடிந்த பிறகுதான் இன்சூரன்ஸ் டெஸ்க் அதை அனுப்பும். இவ்வளவில் இளம் மேலாளர் உத்தரவு போட்டு நடத்தக்கூடியது பில்லிங் கவுண்டர் மட்டுமே. மற்றதெல்லாம் கேட்டு, நினைவூட்டி, நயந்து நடத்த வேண்டியவை. கன்சல்டன்டிடம் "சார், சீக்கிரம் வாங்க" என்று யார் சொல்வது, எப்போது சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதற்குக் கையேடு கிடையாது.

சிகிச்சை முடிவு டாக்டருடையது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். விளைவுக்குப் பதில் சொல்வதோ மேலாளர். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையில் பொது மேலாளர்கள் வேண்டும் என்று 1983இல் கிரிஃபித்ஸ் அறிக்கை சொன்னதிலிருந்து அங்கே டாக்டர்களுக்கும் மேலாளர்களுக்கும் இழுபறி ஓயவில்லை. நம் ஊரில் அந்த இழுபறி வெளியே தெரிவதில்லை. இளையவர் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, எட்டாவது மாதம் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிறார்.

ஒரே பெயரில் நான்கு வேலைகள்

மென்டரிங் என்ற பெயரில் நான்கு வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீரும்.

1. பயிற்சி. தெரியாத ஒரு செயலைக் கற்றுக்கொடுப்பது. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறத்தில் பிரிக்க வேண்டும், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. இதற்கு மென்டர் வேண்டாம். ஒரு நாள் வகுப்பும் ஒரு தேர்வும் போதும்.

2. மேற்பார்வை. சொன்ன வேலை நடந்ததா என்று பார்ப்பது, நடக்காவிட்டால் கேட்பது. இதைச் செய்பவர் மேலதிகாரி. அவருக்கு நிறுவனத்தின் நலன் முதலில் வரும். வரத்தான் வேண்டும்.

3. கோச்சிங். குறிப்பிட்ட ஒரு திறனைக் குறிப்பிட்ட காலத்தில் தீட்டுவது. மீட்டிங்கில் பேச நடுங்கும் இன்சார்ஜ் சிஸ்டருக்கு இரண்டு மாதம் பழக்கிவிடுவது கோச்சிங். பேச வந்துவிட்டால் முடிந்தது.

4. வழிகாட்டுதல். முன்னே போனவர் ஒருவர், பின்னே வருபவருடன் நெடுநாள் பேசிப் பேசி, அவர் தானாக முடிவெடுக்கும் பக்குவத்துக்கு வர உதவுவது. இங்கே பாடத்திட்டம் இல்லை. எதைப் பேசுவது என்பதை இளையவரே தீர்மானிக்கிறார்.

இவற்றோடு ஆதரவாளர் என்று ஒருவரையும் சேர்க்கலாம். இளையவர் இல்லாத அறையில் அவர் பெயரை எடுத்துச் சொல்பவர், பதவி காலியானால் பரிந்துரைப்பவர். வழிகாட்டி சில நேரம் ஆதரவாளராகவும் மாறுவார். ஆனால் கட்டாயமில்லை.

வழிகாட்டி தருவது என்ன?

1983இல் அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம், பணியிட வழிகாட்டுதலில் இரண்டு இழைகள் ஓடுகின்றன என்று எழுதினார். ஒன்று தொழில் சார்ந்தது: வாய்ப்பைக் காட்டுவது, ஆளை அறிமுகப்படுத்துவது, கடினமான வேலையில் இறக்கிவிடுவது. மற்றொன்று மனம் சார்ந்தது: செவிகொடுப்பது, "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்வது, நடந்து காட்டுவது. இந்தத் துறையில் பின்னால் வந்த பலரும் இந்த இரட்டைப் பிரிவை வைத்துத்தான் யோசிக்கிறார்கள்.

பொதுவாகச் சொன்னால் இது காற்றில் நிற்கும். செட்டிநாட்டில் ஒரு மூத்த நிர்வாகிக்குத் தெரிந்து, புதியவருக்குத் தெரியாத சங்கதிகளை எடுத்துப் பார்த்தால்தான் தரையில் இறங்கும்.

தை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம் என்று பாதிப் பேர் லீவ் கேட்பார்கள். புதிய மேலாளர் நல்ல பெயர் வாங்க எல்லாருக்கும் கொடுத்துவிடுவார். மூத்தவர் கொடுக்கமாட்டார், அந்த வாரத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு இருக்கிறது. கொம்பு குத்திய வயிறும் தொடையும் ஒரே பிற்பகலில் வரிசையாக வரும். சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் ஊரில் இருக்கிறார்களா, இரத்தம் எங்கே கிடைக்கும், ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு போட யார் இருக்கிறார்கள், எந்த நிலைக்கு மேல் போனால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ அனுப்புவது என்பதையெல்லாம் போகிக்கு முன்பே பேசி வைத்திருப்பார். அது முடிவதற்குள் தைப்பூசம். குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டத்தில் வயதானவர்கள் உண்டு, சர்க்கரை உள்ளவர்கள் உண்டு. கால் கொப்புளத்தை அலட்சியம் செய்து திரும்புபவர்கள் மாசியில் புண்ணோடு வருவார்கள்.

இன்னொன்று, இந்த வட்டாரத்துக்கே உரியது. பெரிய வீடு, உள்ளே 80 வயது ஆச்சி ஒருவர், சமையலுக்கு ஒரு ஆள், காவலுக்கு ஒரு ஆள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். ஆச்சி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிறார். அழைத்து வந்தவர் வீட்டு வேலையாள். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பிள்ளை போனில் "ஆபரேஷன் வேண்டாம், மதுரைக்குக் கொண்டுபோங்க" என்கிறார். அரை மணி கழித்து இன்னொரு பிள்ளை "உடனே பண்ணுங்க" என்கிறார். மூன்றாவதாகப் பங்காளி ஒருவர் நேரில் வந்து பில்லைக் காட்டு என்கிறார். டூட்டி மேனேஜராக இருக்கும் 25 வயதுப் பெண் என்ன செய்வார்?

சட்டம் இதில் தெளிவு. நினைவோடும் புரிதலோடும் இருக்கும் வயது வந்த நோயாளிதான் ஒப்புதல் தர வேண்டும், அவர் இருக்க உறவினர் கையெழுத்து செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு தீர்ப்பில் விரிவாகச் சொல்லிவிட்டது. ஆக, ஆச்சியைத்தான் கேட்க வேண்டும். இதைப் பயிற்சி வகுப்பு கற்றுக்கொடுத்துவிடும். ஆனால் ஆச்சியிடம் எப்படிக் கேட்பது? "மகன் சொல்றதுதான்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டால் அடுத்து என்ன? இரண்டு பிள்ளைகளையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்து டாக்டரைப் பேசவைப்பதா? பங்காளிக்குக் கோபம் வராமல் பில்லை மறுப்பது எப்படி? பேசியதையெல்லாம் கேஸ் ஷீட்டில் எந்த அளவுக்கு எழுதி வைப்பது? இதற்கு ஒற்றை விடை கிடையாது. இதே சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாண்டு, சிலவற்றில் அடிபட்ட ஒருவரோடு உட்கார்ந்து அலசுவதுதான் வழி. வழிகாட்டுதலின் சாரம் இந்த அலசலில்தான் இருக்கிறது. தன்னம்பிக்கைச் சொற்பொழிவு அல்ல அது.

அரசு டாக்டருக்கு இதே இடத்தில் வேறு சங்கதி. தணிக்கைக் கேள்விக்கு எந்த நடையில் பதில் எழுதுவது, கிராமச் செவிலியர்களின் மாதாந்திரக் கூட்டத்தை எப்படி நடத்துவது, மக்கள் பிரதிநிதி ஒருவர் பணியாளர் ஒருவருக்கு மாறுதல் கேட்டுப் பரிந்துரையோடு வந்தால் எப்படி மறுப்பது. முன்பு வட்டார மருத்துவ அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஒரு மாலையில் சொல்லிக்கொடுப்பதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது.

பழைய ஏற்பாடு: பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

மூத்தவரிடம் இளையவர் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது கடை வைத்து வட்டித் தொழில் நடத்த, போன நகரத்தார், கடைக்கு ஆள் தயாரித்த விதத்தைப் பாருங்கள். பையன் சிறுவயதிலேயே பெட்டியடியில், அதாவது கடையின் பணப்பெட்டி அருகே, உட்காருவான். கணக்கு, வட்டி, கடிதம் என்று படிப்படியாகப் பழகி அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த நிலை உதவியாளர்) ஆவான். பிறகு கடையையே நடத்தும் மேலாள். மேலாளின் பணி பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் போவார்.

இதில் இன்றைய மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. வேலை நடக்கும் இடத்திலேயே, மூத்தவரின் கண்முன்னே கற்றது ஒன்று. பொறுப்பு ஒரே நாளில் தலையில் விழாமல் படிப்படியாக ஏறியது இன்னொன்று. இன்று எம்.ஹெச்.ஏ. முடித்தவரை முதல் மாதமே இரவு டூட்டி மேனேஜராகத் தனியே விட்டுவிடுகிறோம். பெட்டியடிப் பையனிடம் யாரும் முதல் மாதம் சாவிக்கொத்தைக் கொடுத்ததில்லை.

எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு. அங்கே கற்றுக்கொடுத்தவரும் ஆளை மதிப்பிட்டவரும் ஒருவரே. கடையில் நடந்த பணத் தவறு பெரும்பாலும் கணக்கில் தெரிந்துவிடும். ஐந்தொகை (சொத்து, கடன் நிலைக் கணக்கு) எடுத்தால் வெளிச்சமாகிவிடும். ஆகவே இளையவன் மறைத்தாலும் கணக்கு காட்டிக்கொடுத்தது. மருத்துவமனைத் தவறு அப்படிப்பட்டதல்ல. தவறான மருந்தைக் கையில் எடுத்து, கடைசி நொடியில் கவனித்து வைத்துவிட்டால் எந்தப் பேரேட்டிலும் அது ஏறாது. செய்தவர் சொன்னால்தான் தெரியும்.

மேலதிகாரி மென்டரானால் நடப்பது

வாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1. இளையவர் கற்பது பெரும்பாலும் தன் தடுமாற்றங்களிலிருந்து. அதற்கு அவர் அவற்றை யாரிடமாவது உள்ளபடி சொல்ல வேண்டும்.

2. சொன்னது தன் சம்பள உயர்வைப் பாதிக்கும் என்று தெரிந்தால் சொல்லமாட்டார். பாதி சொல்வார், அல்லது சொல்லத்தக்க தவறை மட்டும் சொல்வார். இது கெட்ட குணம் அல்ல, வீட்டுக்கடன் கட்டுபவரின் இயல்பு.

3. சொல்லாத தவறு தனிமனிதரோடு நிற்காது. அதே தவறு அடுத்த ஷிஃப்டிலும் நடக்கும். அங்கே அதைத் தடுக்க ஆள் இல்லாமல் போகலாம்.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். அவர்கள் அதிகம் தவறு செய்ததாக அதற்குப் பொருளில்லை. தவறைப் பற்றி அச்சமின்றிப் பேசினார்கள் என்பதே அவர் கொண்ட விளக்கம். மறுபுறத்துக்கு பிரிட்டனின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை விவகாரம். நிதி, இலக்கு என்று மேலிடம் நெருக்க, கீழே உள்ளவர்கள் அஞ்சி வாய் திறக்காமல் இருந்த சூழலை 2013இல் வந்த பிரான்சிஸ் அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. நோயாளிகள் பட்ட துன்பம் அந்த மௌனத்தின் விலை.

செட்டிநாட்டுச் சூழலில் இது இன்னும் கூர்மையாகிறது. பல மருத்துவமனைகள் குடும்பத்தினர் நடத்துபவை. பெரிய டாக்டரே முதலாளி, அவர் மனைவியோ மருமகளோ நிர்வாகம் பார்ப்பவர். இளையவர் சேர்ந்ததே யாரோ ஒருவர் சொல்லி என்பதால், வேலையில் ஏற்பட்ட மனத்தாங்கல் ஊர்ப் பேச்சாகி வீட்டுக்கு வந்து சேரும். "பெரியவங்க முன்னாடி எதிர்த்துப் பேசாதே" என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, அந்தப் பெரியவரையே வழிகாட்டி என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வரும். நல்ல முதலாளிகளுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. அன்பானவர் என்பதால் அதிகாரம் மறைந்துவிடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். வழிகாட்டுதலை மருந்துபோல விற்பவர்களை நம்ப வேண்டாம். 2004இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வழிகாட்டி கிடைத்தவர்களுக்கு வேலைத் திருப்தியும் பிடிப்பும் கூடியது தெளிவாகத் தெரிந்தது. சம்பளம், பதவி போன்ற எண்ணக்கூடியவற்றில் பலன் இருந்தாலும் சிறிதே. ஆக, மென்டரிங் வைத்தால் வருமானம் கூடும் என்று முதலாளியிடம் சொல்வது தவறான வாக்குறுதி. ஆள் ஓடாமல் இருப்பார்கள் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. சிறு நகர மருத்துவமனைக்கு அதுவே பெரிய காரியம். பழகிய இன்சார்ஜ் ஒருவர் மதுரைக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால் வார்டு நிலைக்குத் திரும்பப் பல மாதம் ஆகும்.

சிறிய மருத்துவமனை என்ன செய்ய முடியும்?

நியாயமான கேள்வி இது. 30 படுக்கை மருத்துவமனையில் மேலதிகாரி அல்லாத மூத்த நிர்வாகியை எங்கே தேடுவது? தரச்சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். அமைப்பே 50 படுக்கை வரை உள்ளவற்றைச் சிறிய மருத்துவமனை என்று தனி வகையில் வைத்திருக்கிறது. நம் வட்டாரத்தின் பல மருத்துவமனைகள் இந்தக் கணக்கில்தான் வரும்.

விடை, சுவருக்கு வெளியே இருக்கிறது. காரைக்குடி மருத்துவமனையின் இளையவருக்குத் தேவகோட்டையில் உள்ள மூத்தவர், தேவகோட்டைக்காரருக்குப் புதுக்கோட்டையில் ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டென்ட்கள், அரசு மருத்துவமனை நிர்வாக அலுவலர்கள், ஊர் திரும்பிய வெளிநாட்டு மருத்துவமனைப் பணியாளர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் குறை.

மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று வழிகாட்டுவது நடக்காத கனவும் அல்ல. 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தை ஏற்படுத்தி, பிற ஊர்களிலும் பிற நாடுகளிலும் உள்ள கண் மருத்துவமனைகளின் நிர்வாகத்தை மேம்படுத்த உதவி வருகிறது. அங்கே ஒரு முழு நிறுவனமே வழிகாட்டி. செட்டிநாட்டில் அவ்வளவு வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் போதும்.

ஆனால் வேலியில்லாமல் இதைத் தொடங்கினால் முதல் சண்டையிலேயே கலைந்துவிடும். முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவை:

1. நோயாளியின் பெயர், அடையாளம் எதுவும் பேச்சில் வரக் கூடாது. சிறிய ஊரில் "பள்ளத்தூர்ப் பெரிய வீட்டு ஆச்சி" என்றாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால் ஊரையும் மாற்றிச் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நாகரிகம் மட்டுமல்ல.

2. கட்டணப் பட்டியல், மருந்து கொள்முதல் விலை, டாக்டர்களுக்குத் தரும் பங்கு ஆகியவை பேசுபொருள் அல்ல. இரு மருத்துவமனைகளும் ஒரே வட்டாரத்தில் போட்டியிடுபவை என்பதை மறக்கக் கூடாது.

3. வழிகாட்டியின் மருத்துவமனை அந்த இளையவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுக்காது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

4. இளையவர் சொன்னது அவருடைய மேலதிகாரிக்குப் போகாது. விதிவிலக்கு ஒன்றே: நோயாளிக்கோ பணியாளருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உரிய இடத்தில் சொல்லியாக வேண்டும். அந்த விதிவிலக்கை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

5. இளையவர்களில் பெண்கள் அதிகம், மூத்த நிர்வாகிகளில் ஆண்கள் அதிகம். சந்திப்பு வேலை நேரத்தில், கண்ணாடிக் கதவுள்ள அறையில் நடக்கட்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெளி மருத்துவமனை வழிகாட்டி மீது புகார் வந்தால் எந்தக் குழு விசாரிக்கும் என்பதையும் இரு தரப்பும் பேசி எழுதிவிட வேண்டும். சங்கடமான பேச்சுதான். பேசாமல் விட்டால் பெண் பிள்ளைகளுக்கு வழிகாட்டியே கிடைக்காமல் போகும், அதுதான் இப்போது நடக்கிறது.

ஓராண்டு எப்படிப் போகும்?

முன்பு பார்த்த கேத்தி கிராம் இந்த உறவுக்கு நான்கு கட்டம் சொன்னார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை. தொடக்கத்தில் இளையவர் ஆறுதல் தேடுவார். முதல் இரண்டு சந்திப்புகள் புலம்பலாகவே போகும். போகட்டும். மூன்றாவதிலிருந்து வழிகாட்டி ஒரே ஒரு நிகழ்வைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்: இந்த மாதம் நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அப்போது தெரிந்தவை, தெரியாதவை, வேறு என்ன செய்திருக்கலாம். வழிகாட்டி விடை சொல்வதைத் தள்ளிப்போட வேண்டும். மூத்தவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். கேட்ட உடனே "நானா இருந்தா..." என்று தொடங்கிவிடுவார்கள். அங்கேயே இளையவர் யோசிப்பதை நிறுத்திவிடுவார்.

பிரிவு என்ற கட்டத்தை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. நன்றி, விசுவாசம் என்று உறவு நீண்டுகொண்டே போய், 40 வயது நிர்வாகியும் பழைய வழிகாட்டிக்குப் போன் போடாமல் ஜெனரேட்டர் வாங்கமாட்டார் என்ற நிலை வந்துவிடும். கடைசித் தேதியைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுவது நல்லது. ஓராண்டு, வேண்டுமானால் இன்னும் ஆறு மாதம். அதற்குப் பிறகு அவர்கள் சக நிர்வாகிகள்.

வேலையில் சேரும் முன் கேட்க வேண்டியவை

இந்த வட்டாரத்தில் மருத்துவமனை நிர்வாக வேலைக்குப் போகிறவர், மென்டர் உண்டு என்று சொன்னவுடன் மகிழ்ந்துவிடாமல் சில கேள்விகளைப் பணிவாகக் கேட்டுவிடலாம். கேட்பதால் வேலை போய்விடும் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

1. என் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரும் மென்டரும் ஒருவரா? ஒருவர்தான் என்றால் அது மேற்பார்வை. தவறில்லை, ஆனால் வெளியே வேறொருவரை நானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

2. சந்திப்புக்கு ரோஸ்டரில் நேரம் ஒதுக்கப்படுமா, அல்லது டூட்டி முடிந்த பிறகா? 12 மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு யாரும் எதையும் அலசமாட்டார்கள்.

3. முதல் எத்தனை இரவுகள் மூத்தவர் ஒருவர் என்னோடு இருப்பார்? மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு எதிராக 2008இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு இறப்புச் செய்தியைக் கேட்டுக் கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன் நிற்பது சட்டம் அல்ல, டூட்டி மேனேஜர். காவல் நிலையத்துக்கு எப்போது போன் செய்வது, டாக்டரை எந்த வாசல் வழியாக அனுப்புவது, உறவினர்களில் யாரிடம் முதலில் பேசுவது என்பதையெல்லாம் முன்பு ஒருமுறையாவது அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

4. ஒத்துவரவில்லை என்றால் மென்டரை மாற்றிக் கேட்கலாமா, யாரிடம் கேட்பது?